பூங்கா வேலிக்கு வெளியே உன் அப்பா

அன்புள்ள சின்னவளுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் எழுந்து நடமாடுகிறோம், அந்த அளவில் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். மாப்பிள்ளையின் முதுகுவலி தேவலையா?

அப்பாவுக்கு நீ எடுத்து அனுப்பிய பூங்கா வருடச் சீட்டு அலமாரியில் அப்படியே கிடக்கிறது. பூங்காவை ஒப்பந்தக்காரரிடம் விட்டு, வண்ண விளக்குப் போட்டு, வாசலில் டிக்கெட் வைத்த நாளிலிருந்து உள்ளே கால் வைக்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். டாக்டர் சொன்ன நடையை வேலிக்கு வெளியே, வண்டி போகும் ரோட்டில் நடக்கிறார். வீம்புக்கும் ஒரு அளவு வேண்டாமா என்று நானும் வாய் வலிக்கச் சொல்லிப் பார்த்தேன். அவர் வருத்தம் எனக்குத் தெரியாமல் இல்லை. நீ பிறப்பதற்கு முன் அது குப்பைமேடு. விளையாட வேறு இடமில்லாமல் தெருவில் பந்து உருட்டிய உன் அண்ணனை லாரி அடித்துப் போட்ட பிறகுதான், அப்பாவும் எதிர்வீட்டுத் தையல்காரரும் நர்ஸம்மாவும் நகராட்சிப் படியை ஏறி இறங்கி, ஞாயிறுதோறும் தாங்களே குப்பை அள்ளி அதைப் பூங்காவாக்கினார்கள். எந்தப் பிள்ளையிடமும் காசு கேட்கக் கூடாது, அது ஒன்றுதான் அப்பா கேட்டது. அன்றைய நகராட்சித் தலைவர் எல்லோர் முன்னாலும் சரி என்றார். நீ நடை பழகியது அந்தப் புல்லில்தான். உன் அண்ணனைப் பற்றி அப்பா வாய் திறந்து பேசி எத்தனையோ வருடம் ஆகிறது.

நேற்று சாயங்காலம் நேரமாகியும் ஆளைக் காணோம். திட்டிக்கொண்டே தேடிப் போனேன். தெருத் திருப்பத்தில் குடையைக் குறுக்கே நீட்டி ஒரு லாரியை நிறுத்தி வைத்திருந்தார். அவருக்குப் பின்னால், டிக்கெட் வாங்க வழியில்லாத பிள்ளைகள் நடுரோட்டில் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் ஏசுகிறார், இவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இத்தனை நாளும் இதைத்தான் செய்திருக்கிறார். வீட்டுக்கு வாங்க என்று கையைப் பிடித்தேன். "அந்தப் பக்கமும் வண்டி வருது, ஒருத்தனால ரெண்டு முனையும் பாக்க முடியல" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. என்ன செய்வது, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் அந்த முனையில் நின்றேன்.

நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். போனில் அப்பாவிடம் பூங்காவுக்குள் போய் நடக்கச் சொல்லாதே. சாயங்காலத்தில் கூப்பிட்டால் இனி நாங்கள் இரண்டு பேருமே எடுக்க மாட்டோம், பிள்ளைகள் அவரவர் வீட்டுக்குத் திரும்பிய பிறகு கூப்பிடு.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா