மிச்சம் என்று ஒரு தோட்டா

அண்ணா,

வெள்ளிக்கிழமைக்காகக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு முடிந்தும் கையில் புளி மீந்திருந்தது. வீணாகப் போவானேன் என்று சாவிக்கொத்தில் தொங்கும் உங்கள் தோட்டாக் கூட்டையும் தேய்த்தேன். புளியும் பித்தளையும் கலந்த வாடை எழுந்தது. அதற்கு மேல் தேய்க்க முடியவில்லை. இறந்தவர்களுக்கு எழுதுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது, உங்களுக்குத் தெரியும். ஆனாலும் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

உங்களை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனது போர்வெல் வண்டி. திருச்செங்கோட்டுக்காரர் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து ஜாம்பியாவுக்கு ரிக் கொண்டுபோனீர்கள். ஓரிரு வருடத்தில் திரும்புவதாகத்தான் பேச்சு. அங்கே ஒரு மக்காச்சோளப் பண்ணையில் துளை போடப் போன இடத்தில், பயிரைத் தின்ன வரும் பன்றிகளைச் சுட அந்தப் பண்ணைக்காரர் உங்களையும் கூட்டிப்போனார். தான் சுடும் தோட்டாவை அவர் தன் கொட்டகையில் தானே நிரப்பிக்கொள்வதைப் பார்த்துவிட்டு வந்தீர்கள். அதற்குப் பிறகு உங்களுக்கு என்று ஒரு ரைஃபிள், உரிமம், ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஊர்க் கிளப்பில் குறிபார்த்துச் சுடுவது என்று ஆகிவிட்டது.

எங்களுக்கு அது புளி மூலமாகத்தான் தெரிய வந்தது. சுட்ட கூடுகளைத் திரும்ப நிரப்பும் முன் கறை போகக் கழுவ வேண்டுமாம். மற்றவர்கள் அதற்கு ஏதோ பொடியும் இயந்திரமும் வைத்திருந்தார்கள். நீங்கள் அம்மாவிடம் ஃபோனில் புளி கேட்டீர்கள்.

"ஏஞ்சாமி, அங்க ரசம் வெக்கிறதுக்கு ஆளிருக்குதா?"

"ரசத்துக்கில்லீங்கம்மா. தோட்டா கழுவறதுக்கு."

அம்மா ஃபோனை என்னிடம் நீட்டினார். "உங்கொண்ணனுக்கு வெயிலு தலைக்கேறிப் போச்சாட்ட இருக்குது. என்னன்னு கேளு." அப்படிச் சொன்னவர்தான் ரிக் சாமான்களோடு போகும் பெட்டியில், கொட்டை எடுத்த பழம்புளியாகப் பார்த்து வைத்து அனுப்பினார்.

அடுத்த விடுமுறையில் பரமத்தி வேலூர் வீட்டில் சாப்பிட்டு முடித்த வாழை இலையை ஒதுக்கிவிட்டு, இரண்டு பேனாக்களையும் ஒரு பேப்பரையும் வைத்து எங்களுக்குப் பாடம் எடுத்தீர்கள். துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையை அங்கே ஒரு கைதேர்ந்த ஆளிடம் கொடுத்துக் கொஞ்சம் அகலப்படுத்தியிருந்தீர்கள். கடையில் வாங்கிய தோட்டாவை அதில் சுட்டால், கூட்டின் சரிந்த தோள் அந்த அறையின் வடிவத்துக்கு நிமிர்ந்துகொள்ளும். பிறகு பழைய வடிவத்துக்குத் திரும்பாது. அந்தக் கூட்டில் வெடிமருந்து சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும். குண்டு சற்று வேகமாகப் போகும். தூரத்தில் இரண்டு அங்குலம் குறைவாகத் தாழும்.

அப்போது அப்பா இருந்தார். லாரி வைத்து ஓட்டியவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது.

"இதென்ன பெரிய விசயம்? அதே சேஸு, பாடிய மட்டும் ஒசத்திக் கட்டறது. நாமக்கல்லுல தெனம் கட்டறாங்க."

"அதேதானுங்கப்பா."

"ஓவர்லோடு ஏத்துனா?"

"மூஞ்சிக்கு நேரா வெடிச்சுப்போடுமுங்க. அதனாலதான் ஒவ்வொண்ணா நிறுத்துப் போடறது."

பையிலிருந்து நீங்கள் சுட்ட குறித்தாளை எடுத்து விரித்தீர்கள். ஐந்து ஓட்டைகள். ஒரு ரூபாய் நாணயம் வைத்தால் மறைந்துவிடும். உங்கள் முகத்தில் அப்படியொரு பெருமையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள். ஓட்டைகளைத்தான் பார்த்தேன்.

"அஞ்சே ஓட்டைய வெச்சு முடிவு சொல்லக் கூடாதுங்கண்ணா. கடைத் தோட்டாவுலயும் ஒரு நாளைக்கு இப்படி வரும்."

"வராது."

"எத்தன தடவ சுட்டுப் பாத்தீங்க?"

"உன்றகிட்டப் பரீச்ச எழுதோணுமா அம்மிணி?"

"சரி, எல்லாம் போக இதுல என்னுங்கண்ணா மிச்சம்?"

அது அப்பாவின் கேள்வி. ஒவ்வொரு நடை முடிந்து வண்டி வந்து நிற்கும்போதும் டிரைவரிடம் அவர் கேட்பது. நான் அதை அவர் குரலிலேயே, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டேன். அப்பாவே சிரித்துவிட்டார். நீங்களும் சிரித்தீர்கள்.

"ரெண்டு அங்குலம் மிச்சம்," என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்தீர்கள். நான்காக மடித்துப் பையில் வைத்தீர்கள். பிறகு அதை யாரிடமும் காட்டவில்லை.

அப்பா போன பின் அம்மா வேலூர் வீட்டில் தனியானார். நாமக்கல்லில் என்னோடு இருக்க மாட்டேன் என்றார். நீங்கள் வருவீர்கள், வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. நீங்களும், "வந்தர்றேன் அம்மிணி. ரைஃபிளு மட்டும் கூட வரோணும்," என்றீர்கள். இங்கே வேட்டை கிடையாது என்று உங்களுக்குத் தெரியும். சேலத்துப் பக்கம் எங்காவது கிளப்பில் தாளைச் சுட்டுக்கொண்டு இருந்துவிடுவேன் என்றீர்கள். அதற்காகத்தான் நான் துப்பாக்கி உரிமம் தரும் அலுவலகத்துக்கு விசாரிக்கப் போனேன்.

அங்கிருந்தவர், "என்ன கேலிபருங்க மேடம்?" என்று தோட்டாவின் வகையைக் கேட்டார். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி தோளையும் அறையையும் விளக்கினேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"அதெல்லாஞ் சரிங்க. பேரென்னுங்க?"

"பேருன்னு ஒண்ணும் இல்லைங்க. அவரா செஞ்சுக்கிட்டது."

"பேரில்லாத சாமானத்த எந்தக் கட்டத்துலீங்க எழுதறது?"

எனக்கு அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. மற்ற சிக்கல்களையும் அவர் சொன்னார். ஆனால் அந்த ஒன்றே போதுமாயிருந்தது. அன்று மாலை ஃபோனில் உங்களிடம் அப்படியே ஒப்பித்தேன்.

"அத அங்கயே குடுத்துப்போட்டு வாங்கண்ணா. பேப்பர்ல ஓட்ட போடறதுக்கு எந்தத் துப்பாக்கியா இருந்தா என்னுங்க?"

ரிக் ஓடும் சத்தம் தேயும்வரை ஃபோனோடு தள்ளி நடந்தீர்கள். பிறகு, "பேரு வெச்சாக் குடுப்பாங்களா?" என்றீர்கள்.

"நீங்களா ஒண்ணு வெச்சா எப்படீங்க?"

"செஞ்சவன்தான் பேரு வெக்கோணும் அம்மிணி. இங்கெல்லாம் அதுதான் மொற." ஃபோனை வைக்கும் முன், "சரி, இந்த மழ முடியட்டும்," என்றீர்கள்.

மழைகள் முடிந்துகொண்டே இருந்தன. பண்டிகைக்கு வந்தீர்கள், போனீர்கள். எப்போது நிரந்தரமாக என்று அம்மா கேட்பதை ஒரு கட்டத்தில் நிறுத்திக்கொண்டார். நாம் இருவரும் தோட்டாவைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டது போல. பிறகு துளை போட்டுக்கொண்டிருந்த காட்டிலேயே உங்களுக்கு நெஞ்சு வலித்தது.

உங்கள் கூட்டாளி சாம்பலோடும் ஒரு பெட்டியோடும் வந்தார். காவிரியில் கரைத்துவிட்டுத் திரும்பும்போது, காரில், சட்டைப்பையிலிருந்து துளையிட்ட இந்தப் பித்தளைக் கூட்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். உங்கள் சாவி வளையத்தில் இருந்ததாம்.

"ரைஃபிளு அந்தப் பண்ணக்காரருகிட்ட இருக்குதுங்க மேடம். பத்திரமா வெச்சிருக்காரு. கிளப்புல இன்னும் ரெண்டு மூணு பேரு அதே மாதிரி செஞ்சு சுடறாங்க. பேருதான் அவிய வாயில நொழையறதில்ல. மீச்சாம், மீச்சாம்ங்கறாங்க."

"என்ன பேருங்க?"

"மிச்சமுங்க. துப்பாக்கிக் குழல்லயே எழுத்தா வெட்டி வெச்சிருக்காரு. அதென்ன பேருன்னு கேட்டா, எந்தங்கச்சி வெச்சதும்பாரு." வண்டியின் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியாதுங்களா?"

எப்போது வைத்தீர்கள்? அன்று தாளை மடித்துக்கொண்டு போனதுமா, பெயர் இல்லை என்று நான் சொன்ன மாலையிலா? கோபத்தில் வைத்ததா, பிரியத்திலா? ஐந்து ஓட்டையை வைத்தே முடிவு சொல்லக் கூடாது என்று உங்களிடம் வாதாடியவள், ஒரே ஒரு சொல்லை வைத்து என்ன முடிவுக்கு வருவேன்? கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு ஃபோன் போதுமாயிருந்தது. நான் கேலியாகக் கேட்டதை நீங்கள் அவ்வளவு தூரம் கொண்டுபோய் இரும்பில் வெட்டி வைத்திருக்கிறீர்கள், அண்ணா. அந்தத் தாளை இன்னொரு தடவை விரிக்கச் சொல்லியிருக்கலாம். அது பெட்டியிலும் இல்லை.

வேலூர் வீட்டுச் சாவி இப்போது உங்கள் கூட்டோடுதான் தொங்குகிறது. மேசையில் சாவிக்கொத்தை வைக்கும்போது யாராவது எடுத்துப் பார்த்து, "இது என்னங்க மேடம்?" என்பார்கள்.

"மிச்சம்," என்கிறேன்.

பெரும்பாலும் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.