நிபந்தனையுடன் சம்மதம்

மார்ச் 4

என் அருமைத் துரைக்கு,

அக்கா எழுதுவது. நலம்தானே? உன் சட்டைகளைத் துவைத்து இஸ்திரி போட்டு இதோடு அனுப்பியிருக்கிறேன். நீலச் சட்டையின் பையில் மையைக் கொட்டி வைத்திருக்கிறாய். அந்தக் கறையை எடுப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது. அவ்வளவு பெரிய ஆணையத்தில் அதிகாரி, அங்கே ஒரு சலவைக் கடைகூடவா இல்லை என்று உன் அத்தான் கேட்கிறார். "என் கை பட்டாதான் அவனுக்குச் சட்டை உடம்புல நிக்கும், உங்களுக்கு என்ன பொறாமை?" என்றேன். நம் தெரு பஸ் டிரைவர்தான் பாவம், வாராவாரம் உன் அழுக்கு மூட்டையை இங்கே சுமந்துவந்து, வெளுத்ததை உன்னிடம் சேர்க்கிறார். அவருக்கு ஒரு காபியாவது வாங்கிக் கொடு.

விஷயம் வேறு. நேற்று உங்கள் ஆணையத்து ஆட்கள் வந்து நம் சலவைக் கடைச் சுவரில் ஓர் அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போனார்கள். தெருவுக்கு அடியில் மூடிக் கிடக்கிறதே பழைய உப்புச் சுரங்கம், அதற்குள் எரிவாயுவை அடைத்துச் சேமிக்க ஒரு கம்பெனி உங்களிடம் அனுமதி கேட்டிருக்கிறதாம். அடுத்த மாதம் பள்ளிக்கூட மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். நம் கடையில் விடிந்தால் பாய்லரை மூட்டுகிறோம், இருட்டினால்தான் அணைக்கிறோம். கீழே எரிவாயு, மேலே நெருப்பு, நடுவில் நானும் உன் அத்தானும்.

எதிர்வீட்டுக் கணக்கு டீச்சர் வீடு வீடாகப் போய், "எல்லாரும் வந்து வேண்டாம்னு ஒரே வார்த்தை சொல்லுங்க, போதும்" என்கிறார். நாங்கள் சொன்னால் உங்கள் ஆட்கள் கேட்பார்களா? போனில் கேட்டால் "மீட்டிங் இருக்கு" என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அக்கா

*

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

சட்டைகள் வந்தன. பையில் உன் கடிதமும் இருந்தது. இனி எல்லாவற்றையும் இப்படியே எழுது. அலுவலக போனில் பேசுவதெல்லாம் பதிவாகிறது.

நீ பயப்படுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை. இப்படிப்பட்ட கிடங்குகள் எத்தனையோ ஊர்களில் இருக்கின்றன. ஆனாலும் என் அக்கா கேட்டுவிட்டாள், நடைமுறை என்ன என்று சொல்கிறேன். வேண்டாம் என்று எத்தனை பேர் சொன்னாலும் எங்கள் அறிக்கையில் அது ஒரே வரிதான்: 'சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர்.' அத்தோடு சரி. ஆனால் ஒருவர் எழுந்து நின்று 'இன்னது செய்து தர வேண்டும்' என்று நிபந்தனை கேட்டால், அவர் பெயரோடு தனியாகப் பதிவு செய்வோம். கம்பெனி அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். அதனால் டீச்சர் பேச்சைக் கேட்காதே. வேண்டாம் என்று சொல்லாதே. நிபந்தனை கேள். மற்றவர்களிடமும் சொல். நீ சொன்னால் தெருவே கேட்கும் என்று எனக்குத் தெரியும்.

ஒரே ஒரு வேண்டுகோள். நீ என் அக்கா என்று கூட்டத்தில் காட்டிக்கொள்ள வேண்டாம். அத்தானுக்கு என் அன்பு. டிரைவருக்குக் காபி வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

உன் தம்பி

*

ஏப்ரல் 12

என் அருமைத் துரைக்கு,

கூட்டம் முடிந்தது. உன் அக்கா மைக்கைப் பிடித்துப் பேசினாள்! மைக் கூவென்று கத்தியதும் உன் அத்தான் காதைப் பொத்திக்கொண்டார், என் பேச்சைக் கேட்கப் பிடிக்காமல் பொத்தியதாக மேடையில் இருந்தவர்கள் நினைத்துச் சிரித்தார்கள்.

நீ சொன்னபடியே தெருவில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். "எங்க ஆள் உள்ளேயே இருக்கான், அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மட்டும் சொன்னேன், யார் என்று சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும், அது வேறு. ஆபத்து என்றால் ஊரையே எழுப்புகிற மாதிரி ஓர் அபாயச் சங்கு வைக்க வேண்டும், அது தானாகவே ஊத வேண்டும் என்று நான் கேட்டேன். அவசரத்துக்கு வெளியேற இன்னொரு சாலை வேண்டும் என்று டிரைவர் கேட்டார். குடிநீரைச் சோதித்துச் சொல்ல வேண்டும் என்று மாவு மில்காரர் கேட்டார். ஒவ்வொருவர் உட்காரும்போதும் மேடையில் இருந்தவர் "நல்ல ஆலோசனை" என்று சொல்லிச் சொல்லி எழுதிக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கணக்கு டீச்சர் மட்டும் கடைசியில் எழுந்து, "எனக்கு நிபந்தனை எதுவும் இல்ல. வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பிடிவாதக்காரி. வெளியே வந்ததும், "நீங்க சாமர்த்தியசாலின்னு நெனச்சேன்" என்றார் என்னிடம். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்த முகம்தான் இரண்டு நாளாகக் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

உன் அக்கா

*

ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நல்ல செய்தி. திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தாகிவிட்டது, ஆனால் உன் சங்கும் அதில் இருக்கிறது. முதல் நிபந்தனையே அதுதான். கடைக்கு எதிரிலேயே வைப்பார்கள். இன்னொரு சாலை 'பரிசீலனையில்' இருக்கிறது.

என்னைப் பிரிவுத் தலைவர் ஆக்கியிருக்கிறார்கள். உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். இனிமேல் சட்டைக்குக் கஞ்சி கொஞ்சம் கூடுதலாகப் போடு.

உன் தம்பி

*

ஜூன் 28

தம்பிக்கு,

பதவி உயர்வு கேட்டு மனம் நிறைந்தது. கஞ்சி கூட்டியிருக்கிறேன்.

உங்கள் ஆணையத்தின் உத்தரவையும் சுவரில் ஒட்டினார்கள். டீச்சர் கடைக்குள் வந்து நின்று அதைச் சத்தமாகப் படித்தார். 'கூட்டத்தில் பேசியவர்களில் ஒருவரைத் தவிர அனைவரும் திட்டத்துக்கு நிபந்தனையுடன் சம்மதம் தெரிவித்தனர்.' படித்து முடித்ததும், வெளுக்கப் போட்டிருந்த தன் துணிகளைத் துவைக்காமலே வாங்கிக்கொண்டு போய்விட்டார். இஸ்திரி மேசையைச் சுற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

நான் சங்கு கேட்டேன். சம்மதம் என்று எப்போது சொன்னேன்?

நிபந்தனை கேட்டால் அதைச் சம்மதமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள் என்று அன்றைக்கு எனக்கு எழுதும்போது உனக்குத் தெரியுமா? இதற்கு மட்டும் பதில் எழுது.

அக்கா

*

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கு என்மேல் வருத்தம் என்று புரிகிறது. ஆணையத்தில் இந்த முறை இன்று நேற்று வந்ததில்லை, ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான். நீங்கள் எல்லோரும் வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் இந்தத் திட்டம் வந்திருக்கும். அப்போது சங்குகூடக் கிடைத்திருக்காது. அதை யோசித்துப் பார்.

கடையை மூடிவிட்டு நீயும் அத்தானும் என்னோடு வந்து இருங்கள். மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது. எத்தனை காலம்தான் அந்தப் பாய்லரோடு மல்லுக்கட்டுவாய்?

உன் தம்பி

*

அடுத்த ஆண்டு, ஜனவரி 20

தம்பிக்கு,

சட்டைகளை மட்டும் அனுப்பிவைத்துக் காலம் தள்ளிவிட்டேன். எழுத மனம் வரவில்லை. இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை.

கிடங்கை நிரப்ப ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. சங்கு முதல் தடவை ஊதியபோது தெருவே வெளியே ஓடியது. கம்பெனி வண்டி வந்தது, ஏதோ பார்த்தார்கள், "கருவி கொஞ்சம் கூடுதல் உஷாரா இருக்கும்மா, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதன் பிறகு வாரத்துக்கு ஒரு தடவையாவது ஊதுகிறது. கைக்குழந்தை உள்ளவர்களும் வேலைக்குப் போய் அலுத்து வருகிறவர்களும் என் வீட்டைப் பார்த்துத்தான் திட்டுகிறார்கள். கேட்டு வாங்கியவள் நான்தானே! "உன் சங்கை நீயே வச்சுக்கோ" என்று மாவு மில்காரர் முகத்துக்கு நேரே சொன்னார். நாலைந்து பேர் கம்பெனிக்குப் புகாரும் எழுதினார்கள், தூக்கம் கெடுகிறது என்று.

அதைத்தான் பிடித்துக்கொண்டீர்கள். நேற்று சுவரில் புது அறிவிப்பு, கீழே உன் கையெழுத்து. 'பொதுமக்களின் வேண்டுகோளை ஏற்று' சங்கை நிறுத்தப் போகிறீர்களாம். ஒரு மாதத்துக்குள் யாரும் பதில் எழுதாவிட்டால் சம்மதமாகக் கருதப்படுமாம். தூக்கம் வரவில்லை என்று சொன்னால், அதற்குச் சங்கை ஊமையாக்கு என்றா அர்த்தம்?

சங்கு ஊதுகிற நாளில் எல்லாம் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதற்கு முன் காற்று துப்புகிறது. சாக்கடைக் குழியில் தண்ணீர் கொப்பளிக்கிறது, சோறு கொதிப்பதுபோல. பாய்லரை மூட்டினால் நெருப்பு ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பி அடங்குகிறது. உன் அத்தானுக்குப் புருவம் கருகிப்போனது. "முகம் இப்பதான் பாக்கற மாதிரி இருக்கு" என்று கேலி செய்தேன். செய்துவிட்டு உள்ளே போய் அழுதேன். எனக்குப் பயமாக இருக்கிறதடா.

சங்கை நிறுத்தாதே.

அக்கா

*

மார்ச் 2

தம்பிக்கு,

நீ பதில் எழுதவில்லை. மூட்டையை அவிழ்த்து ஒவ்வொரு சட்டைப் பையாகத் தடவிப் பார்த்தேன். நான் ஆணையத்துக்கு எழுதிய மறுப்புக்கும் பதில் இல்லை. நேற்று ஏணி போட்டு ஏறிச் சங்கின் ஒயரைக் கழற்றிவிட்டுப் போனார்கள். கம்பம் மட்டும் நிற்கிறது.

எல்லோரும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். சாக்கடைக் குழி கொப்பளிப்பது நிற்கவில்லை.

அக்கா

*

மார்ச் 14

அக்கா,

இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. டிரைவர் கிளம்புவதற்குள் கொடுக்க வேண்டும், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

இன்று காலை என் மேசைக்கு வந்த அறிக்கைப்படி கிடங்கின் அழுத்தம் ஒரு வாரமாக இறங்கிக்கொண்டே வருகிறது. யாரும் எரிவாயுவை வெளியே எடுக்கவில்லை. அடைத்தது எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. கம்பெனி அளவுமானி பழுது என்கிறது. ஊரைக் காலி செய்யச் சொல்லலாம் என்றேன். தலைவர், "திங்கட்கிழமை கூட்டத்துல பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

பாய்லரை மூட்டாதே. எந்த ஸ்விட்சையும் தொடாதே, எரிகிற விளக்கை அணைக்கவும் செய்யாதே. அத்தானைக் கூட்டிக்கொண்டு இதே பஸ்ஸில் புறப்பட்டு வந்துவிடு. துணிமணி, சாமான் எதையும் எடுக்க வேண்டாம்.

யாரிடமும் சொல்லாதே. விஷயம் என்னிடமிருந்துதான் வெளியே போனது என்று உடனே தெரிந்துவிடும். வேலை மட்டும் இல்லை அக்கா, என்னை உள்ளே தள்ளிவிடுவார்கள். பீதி கிளப்பியதாகக் கம்பெனியும் வழக்குப் போடும். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். நீயும் அத்தானும் மட்டும் வந்துவிடுங்கள்.

உன் தம்பி

*

மார்ச் 15

என் அருமைத் துரைக்கு,

ஊருக்கு வெளியே மேட்டுச் சாலையில் உட்கார்ந்து, மடியில் உன் அழுக்கு மூட்டையை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்தேன். டிரைவர், நீ சொல்லி அனுப்பியபடி, பஸ்ஸைத் தெருவுக்குள் விடாமல் மேட்டிலேயே நிறுத்திவிட்டு மூட்டையோடு நடந்து வந்து, "வர்றீங்களாம்மா?" என்று காத்துக்கொண்டு நின்றார். உன் அத்தான் செருப்பை மாட்டிக்கொண்டார். நான் எதிர்வீட்டுக்கு ஓடினேன். டீச்சர் கதவைத் திறந்தார். இத்தனை மாதம் பேசாதவள் போய் நிற்கிறேன், ஒரு கேள்வி கேட்கவில்லை. கடிதத்தைப் படித்தார், பள்ளிக்கூடத்துக் கைமணியை எடுத்துக்கொண்டு இறங்கினார். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அவர் மணி அடித்துக்கொண்டே போனார். நான் பின்னாலேயே ஒவ்வொரு கதவையும் தட்டி, "அடுப்பைப் பத்த வைக்காதீங்க, அப்படியே வெளியே வாங்க" என்று கத்தினேன்.

எல்லோரும் மேட்டுக்கு நடந்து வந்துவிட்டார்கள். வந்ததும்தான் வம்பு. கீழே தெரு எப்போதும்போல அமைதியாகக் கிடந்தது. புகை இல்லை, சத்தம் இல்லை. இருட்டியபோது குழந்தைகள் பசியில் அழுதன. "இந்தம்மா சங்கு வாங்கிக் குடுத்துத் தூக்கத்தைக் கெடுத்துச்சு, இப்ப மணி அடிச்சு வீட்டை விட்டே துரத்துது" என்று மாவு மில்காரர் எழுந்தார். அவர் பின்னால் பத்துப் பேர் எழுந்தார்கள். வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டினால் என்ன ஆகும் என்று சொன்னேன். யார் சொன்னது என்று கேட்டார்கள். போன தடவையும் 'எங்க ஆள் உள்ளே இருக்கான்' என்று சொன்னவள்தானே நான்? என் வார்த்தைக்கு என்ன மதிப்பு இருக்கும்?

அதனால் உன் கடிதத்தைக் கொடுத்தேன். டீச்சர் அதை முதல் வரியிலிருந்து உன் கையெழுத்து வரைக்கும் படித்தார். எழுந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். யாரோ அதைப் போட்டோ எடுத்தார்கள், விடிவதற்குள் பத்திரிகைக்காரர்கள் வந்துவிட்டார்கள். உன் கடிதம் இப்போது என் கையில் இல்லை.

விடிந்துவிட்டது. தெரு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. எதுவும் நடக்காமல் போனால், ஒன்றுமில்லாததற்கு உன் வாழ்க்கையைக் கெடுத்தவள் ஆவேன். நடந்துவிட்டால் எங்கள் வீடுகள் போகும். இரண்டில் எது நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது? எனக்குத் தெரியவில்லை. நீ எங்கள் உயிரைக் காப்பாற்ற நினைத்தாய். அதை மறக்க மாட்டேன். ஆனால் இரண்டு பேரை மட்டும் காப்பாற்ற நினைத்தாயே, அதையும் மறக்க முடியாது.

உன் சட்டைகள் துவைக்காமல், இஸ்திரி போடாமல் அப்படியே வருகின்றன. பாய்லரை மூட்டாதே என்று நீதானே எழுதினாய். இனிமேல் அனுப்ப வேண்டாம். அங்கேயே ஒரு கடை பார்த்துக்கொள்.

நான் செய்தது சரியா என்று உன்னிடம் கேட்கிறேன். ஒரு மாதம் காத்திருப்பேன். பதில் வராவிட்டால், உங்கள் ஆணையத்து வழக்கப்படி, அதை உன் சம்மதமாக எடுத்துக்கொள்கிறேன்.

உன் அக்கா