எனக்கு எதிராகச் சாட்சி சொன்னவளுக்கு

இன்று மதியம் சிதம்பரம் கோர்ட்டில், பெண் வக்கீல்கள் உட்காரும் அந்தச் சின்ன அறையில் யாரோ டிபன் டப்பாவைத் திறந்தார்கள். மணத்தக்காளி வத்தல் வாசனை. கையிலிருந்த கேஸ் கட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்து நின்றுகொண்டேன். புவனகிரியிலிருந்து நீ கொண்டுவரும் தயிர்சாதத்தின் மேல் தினமும் அந்த வத்தல் இருக்கும். கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும்போதே நான் பாதி வாடிப்போயிருப்பேன். நீ டப்பா மூடியில் பாதிச் சோற்றைத் தள்ளி என் பக்கம் நகர்த்துவாய். பசிக்கிறதா என்று கேட்கவே மாட்டாய்.

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. உனக்குச் சொல்ல வேண்டிய ஒன்றை நீ உயிரோடு இருந்தபோதும் தள்ளிப்போட்டேன், அதற்குப் பிறகும் தள்ளிப்போட்டேன். இன்று எழுதிவிடுகிறேன்.

நாம் ஒரே வருடம் கறுப்பு அங்கி போட்டவர்கள். காலையில் எதிரெதிராக நின்று வாதாடிவிட்டு மதியம் ஒன்றாகச் சாப்பிடுவதைப் பார்த்துக் கட்சிக்காரர்கள் மிரளுவார்கள். உன் கட்சிக்காரர் ஒருவர் கேட்டே விட்டார்: “அவுங்க கூடவே சேந்து சாப்புடுறீங்களேம்மா, நம்ம கேஸு என்னாவறது?” நீ சிரிக்காமல் சொன்னாய்: “சோறு வேற, கேஸு வேற. நீங்க போய் சாப்டு வாங்க.”

பாக்கியத்தின் வழக்கிலும் நாம் எதிரெதிர்தான். பிச்சாவரத்துப் பக்கம் ஒரு மீனவக் குப்பம் அவளுக்கு. புருஷன் கடலில் போய்விட்டான். அவன் கட்டிய வீட்டைக் கொழுந்தன் தன்னுடையது என்றான். அவளுக்கு நான் வக்கீல், கொழுந்தனுக்கு நீ. வழக்கை எடுத்த அன்றைக்கே, பிறகு உதவும் என்று, அவளிடம் இரண்டு வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி வைத்திருந்தேன். எல்லோரும் செய்வதுதானே என்று நினைத்தேன்.

ஒருநாள் குப்பத்துப் பஞ்சாயத்துத் தலைவரான நாட்டார் என்னைத் தேடி வந்தார். “பேசி முடிச்சிட்டோம்மா. ஊடு தம்பிக்கு. அந்தப் பொண்ணு பின்னால கொட்டாயில இருந்துக்கும். நீங்க எழுதிக் குடுத்துடுங்க” என்றார். அந்தக் குப்பத்திலிருந்து எனக்கு வரும் வழக்குகளெல்லாம் அவர் சொல்லித்தான் வரும். பாக்கியத்தை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றியது. அன்று கடலூரிலும் எனக்கு வழக்கு இருந்தது. தோன்றியதை விட்டுவிட்டேன். அந்த வெற்றுத் தாளிலேயே சமரச மனுவை டைப் அடிக்கக் கொடுத்தேன்.

உன்னிடம் கையெழுத்துக்கு நீட்டியபோது நீ ஒரே கேள்விதான் கேட்டாய்.

“அந்தம்மாகிட்ட கேட்டுட்டியா, ஸ்டெல்லா?”

“கேட்டாச்சு” என்றேன். நீ பேனாவைத் திறந்தாய்.

நீதிபதி கேட்டபோதும் அதையே சொன்னேன். கட்சிக்காரருக்கு உடம்பு சரியில்லை, சம்மதம்தான் ஐயா என்றேன். முடிந்தது.

பாக்கியத்துக்கு யாரும் சொல்லவில்லை. கொழுந்தன் சாமான்களை எடுத்து வெளியே வைத்த பிறகு அவள் கோர்ட்டுக்கு ஓடிவந்தாள். அன்று நான் அங்கில்லை. தாழ்வாரத்தில் உன்னைப் பார்த்து, எதிர்க்கட்சி வக்கீல் என்றுகூட யோசிக்காமல், “என் கேஸு என்னிக்கும்மா வருது?” என்று கேட்டிருக்கிறாள். தீர்ப்பை நீதான் அவளுக்குப் படித்துக் காட்டினாய்.

அன்று சாயங்காலமே கடலூருக்கு பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தாய். நான் பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தேன், தலையில் முக்காடு இன்னும் எடுக்கவில்லை. காபி வேண்டாம் என்றாய்.

“அந்தம்மா சம்மதிக்கவே இல்ல. நீ எங்கிட்ட பொய் சொன்ன.”

நான் எவ்வளவோ பேசினேன். நாட்டார் சொன்னார் என்றேன். ஊரில் எவர்தான் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கவில்லை என்றேன். கடைசியில் உன்னையே குற்றவாளியாக்கப் பார்த்தேன். “உன் கட்சிக்காரன் ஜெயிச்சிருக்கான். அத நீயே கெடுக்கறியா? அவனுக்குப் பண்ற துரோகம் இல்லியா இது?”

“அவருக்காக வாதாடறது என் வேல. பொய்யில கெடச்சதக் கட்டிக் காக்கறது என் வேல இல்ல. நான் வெலகிக்கறேன்னு அவருகிட்ட சொல்லிட்டுதான் வர்றேன்.” நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாய். “டாக்டரு தப்பு பண்ணா ஒடம்பு காட்டிக் குடுத்துடும் ஸ்டெல்லா. நாம பண்றது யாருக்குத் தெரியும்? படிக்கத் தெரியாத ஜனங்க. நம்மள வெசாரிக்கறதும் நம்ம ஆளுங்கதான். நாமளே சொல்லலன்னா யாரு சொல்லுவா? நீயா போய் ஜட்ஜுகிட்ட சொல்லிடு. புகார் எழுத அந்தம்மாவுக்கு நான் ஒத்தாச பண்ணப்போறேன். உனக்குத் தெரியாம செய்யக்கூடாதுன்னுதான் வந்தேன்.”

செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாய். வாசல் வரைக்கும்கூட நான் வரவில்லை.

அடுத்த வாரம் நான் குப்பத்துக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்றுதான் நீ நினைத்திருந்தாய், நானும் அதை மறுத்ததில்லை. உண்மையில் புகார் எழுதாதே என்று சொல்லத்தான் போனேன். பாக்கியம் கொட்டகை வாசலில் இறால் ஆய்ந்துகொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டு எனக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் ஏதோ ஆரம்பித்தேன். அவள் குறுக்கே பேசவில்லை, நான் நிறுத்தும்வரை காத்திருந்தாள்.

“பொம்பள வக்கீலுன்னா நம்ம பேச்ச நின்னு கேப்பாங்கன்னு சொன்னாங்க. அதுக்குதாம்மா அவ்வளோ தூரம் உங்களத் தேடி வந்தேன். நீங்க ஒரு வாட்டிகூட என்னான்னு கேக்கலியே.”

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பாதித் தண்ணீரோடு சொம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். மறுநாள் நீதிபதி முன்னால் போய் நின்று, என் கட்சிக்காரரின் சம்மதம் இல்லாமல்தான் மனுப் போட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். தீர்ப்பு ரத்தானது. வேறு வக்கீல் வைத்து நடத்தியதில், வீட்டின் பாதி பாக்கியத்துக்குக் கிடைத்தது. இப்போதும் முன்பக்கத்தில் அவள்தான் இருக்கிறாள்.

புகாரும் போனது. வக்கீல்களை வக்கீல்களே விசாரிக்கும் ஒழுங்கு நடவடிக்கைக் குழு சென்னையில் உட்கார்ந்தது. நான் ஏறிய ரயிலிலேயே நீயும் ஏறி என் எதிரில் வந்து உட்கார்ந்தாய். விழுப்புரம் வரைக்கும் இரண்டு பேரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தோம். பிறகு டப்பாவைத் திறந்து மூடியை என் பக்கம் நகர்த்தினாய்.

“சாப்புடு. அங்க போய் மயக்கம் போட்டு வுழுந்தா, அதுக்கும் நாந்தான் சாட்சி சொல்லணும்.”

விசாரணையில் நடந்ததை நடந்தபடியே சொன்னாய். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவுமில்லை. உங்கள் இருவருக்கும் முன்விரோதம் உண்டா என்று கேட்டார்கள்.

“இல்லைங்க. என் சிநேகிதி.”

குழுவில் ஒருவர் நிமிர்ந்தார். “சிநேகிதிக்கு எதிராவா சாட்சி சொல்றீங்க?”

“சிநேகிதிங்கறதாலதான் அவ சொன்னத நம்பிக் கையெழுத்துப் போட்டேங்க, ஐயா.”

ஒரு வருடம் நான் தொழில் செய்யக்கூடாது என்று முடிவானது.

குப்பத்துக்கு நான் எதற்குப் போனேன் என்பதைத் தவிர, இதுவரைக்கும் உனக்குத் தெரிந்த கதை. தெரியாததை இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

நான் வீட்டில் உட்கார்ந்த அந்த வருடம், தப்புச் செய்த என்னைத்தான் எல்லோரும் பாவம் என்றார்கள். தினம் போன் வரும். “கூட இருந்தே குழி பறிச்சிட்டாளே அந்தம்மா” என்பார்கள். அப்படியில்லை என்று நான் சொன்னதில்லை. கேட்கக் கேட்க ஆறுதலாகத்தான் இருந்தது. பிறகு, சக வக்கீலுக்கு எதிராக நடந்துகொண்டதற்காக உன்னைக் கண்டித்து நம் வக்கீல் சங்கத்தில் தீர்மானம் கொண்டுவரப் போகிறார்கள் என்று தெரிந்தது. அதில் மனம் ஒப்பாத ஒருவர் கூட்டத்துக்கு முந்தின நாள் என்னைப் போனில் கூப்பிட்டார். “நீங்க ஒரு வார்த்த வந்து சொன்னா போதும்மா, நிறுத்திடலாம். வர முடியலன்னா ரெண்டு வரி எழுதியாவது குடுங்க.”

காய்ச்சல் என்று சொன்னேன். எனக்குக் காய்ச்சல் இல்லை. கூட்டம் நடந்த நேரத்தில் கடலூர் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன்.

தீர்மானம் நிறைவேறியது. அதன் பிறகு நீ கேட்டால் எதிர்த்தரப்பு வாய்தாவுக்குக்கூட ஒத்துக்கொள்வதில்லை என்றும், நீ உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது என்றும் சொன்னார்கள். சங்கத் தேர்தலில் பெண்கள் சார்பில் ஒரு இடத்துக்கு நீ நிற்பதாக இருந்தது. மனுவில் முன்மொழிய ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை.

என் வருடம் முடிந்து நான் திரும்பி வந்த அன்று அந்த அறையில் நீ தனியாக உட்கார்ந்திருந்தாய். “வா” என்றாய். மூடியை நகர்த்தினாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சாப்பிட்டேன். எட்டு வருடம் அப்படியே சாப்பிட்டேன்.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைப் பார்க்க வந்தபோது சொல்லிவிடுவதென்றுதான் வந்தேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்த சேத்தியாத்தோப்புக் கிழவர் கேஸு, நீ பாத்துக்கறியா? அவருக்குக் காது சரியா கேக்காது. சத்தமா, ரெண்டு வாட்டி சொல்லணும்” என்றாய். என்னைப் பேசவிடாமல் காப்பாற்றினாயா, நான் பேசுவதற்காகக் காத்திருந்தாயா? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்தக் கிழவரின் வழக்கை நடத்திக்கொண்டிருக்கிறேன். இரண்டு முறை சொல்கிறேன்.

போன மாதம் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்றேன். அந்தத் தீர்மானத்தை ரத்து செய்ய வேண்டும் என்றேன். செயலாளர் தன்மையாகத்தான் சொன்னார்: “தவறிப்போனவங்க விஷயம். இப்ப எதுக்கும்மா?”

நடந்ததைச் சொன்னேன். வெற்றுத் தாளை, பொய்யை, காய்ச்சலை, மீன் மார்க்கெட்டை. சிலர் எழுந்து வெளியே போனார்கள். உன்னைப் பார்த்தே இராத இரண்டு பெண்கள் எழுந்து, நாங்களும் இதை ஆதரிக்கிறோம் என்றார்கள். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று முடித்துவிட்டார்கள். ஆனால் நான் சொன்னதைப் பதிவேட்டில் எழுதச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றேன். செயலாளர் உன் பெயரில் ஓர் எழுத்தைத் தப்பாக எழுதினார். திருத்தச் சொன்னேன். திருத்தினார்.

அடுத்த கூட்டத்திலும் கேட்பேன். அதிலும் நடக்காவிட்டால் அதற்கடுத்ததில். நாற்பது பேர் முன்னால் சொல்வது எனக்கு அவ்வளவு கஷ்டமாகவே இல்லை. எட்டு வருடம் தினமும் எதிரில் உட்கார்ந்திருந்த ஒருத்தியிடம் மட்டும் சொல்ல வாய் வரவில்லை. நான் தூக்கிக்கொண்டு திரிவது அதைத்தான். தீர்மானம் ரத்தானாலும் அது இறங்காது.

ஸ்டெல்லா