மேல் வலது வரிசை, எட்டுப் பல்

22.7.85, திங்கள்

இன்று மெழுகுக் கட்டைகள் கொடுத்தார்கள். ஆளுக்குப் பன்னிரண்டு. தீப்பெட்டியை விடச் சின்னது. வெள்ளையும் இல்லை, மஞ்சளும் இல்லை. இதில்தான் பல் செதுக்க வேண்டுமாம். பல் டாக்டருக்குப் படிக்கப் போனால் முதல் வருஷம் முழுக்கப் பிணமும் மெழுகும்தான் என்று சீனியர்கள் சொன்னது பொய் இல்லை.

முன்பல்லில் ஆரம்பித்தேன். மூன்று மணி நேரம் ஆனது. ஹாஸ்டலில் என் அறைத்தோழி கங்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு முரியல். சவுக்காரமா?" என்றாள். ரவாங் ஊர்க்காரிக்கு வாய் நீளம். அவள் செதுக்கியது மட்டும் என்ன வாழ்ந்தது?

30.7.85, செவ்வாய்

விரலில் மூன்று பிளாஸ்டர். கத்தி மெழுகை விட்டுவிட்டு என்னையே தேடி வருகிறது.

5.8.85, திங்கள்

செதுக்கி முடித்த பல்லைப் பளபளப்பாக்க நைலான் ஸ்டாக்கிங்கால் தேய்க்க வேண்டுமாம். நான் ஸ்டாக்கிங்குக்கு எங்கே போவது? புக்கிட் பெலிம்பிங் பக்கம் எங்கள் செம்பனைத் தோட்டத்தில் யார் ஸ்டாக்கிங் போடுகிறார்கள்? கங்கா தன்னுடையதில் ஒன்றை வெட்டிக் கொடுத்தாள். என் வாழ்க்கையில் முதல் ஸ்டாக்கிங். காலுக்கு இல்லை, பல்லுக்கு.

தேய்த்த பிறகு பார்த்தால் நிஜமாகவே பல் மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

16.8.85, வெள்ளி

ஃபெயில்.

மேல் வலது முதல் கடைவாய்ப் பல் செதுக்கச் சொன்னார்கள். நாலு முகடு, நடுவில் சாய்வாக ஒரு வரப்பு, எல்லாம் சரியாக வந்தது. டாக்டர் வாகீஸ்வரி கையில் எடுத்துப் பார்த்தார். வகுப்பில் ஆங்கிலம் தவிர வேறு பேசாதவர். என்ன நினைத்தாரோ, குனிந்து தமிழில், "பிள்ளை, வடிவாய்த்தான் செய்திருக்கிறீர். ஆனால் இது இடப்பக்கத்துப் பல்லு" என்றார்.

எதிரில் உட்கார்ந்திருக்கிறவரின் வலது எனக்கு இடது. இது தெரியாதா எனக்கு? தெரியும். நூறு தடவை தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை.

செப்டம்பர் 9ஆம் தேதி மேல் வலது வரிசை எட்டுப் பல்லும் கொடுக்க வேண்டும். அதிலும் தவறினால் வருஷக் கடைசிப் பரீட்சைக்கு உட்கார விடமாட்டார்கள். இந்த வருஷத்தையே திரும்பப் படிக்க வேண்டும். திரும்பப் படிக்கிறவர்களுக்கு ஸ்காலர்ஷிப் கிடையாது. அப்பா லோரி ஓட்டிப் பீஸ் கட்ட முடியாது. ஆகவே தோட்டம்தான். ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்க்கலாம். போ, முரியல், போய்த் தொட்டில் ஆட்டு.

24.8.85, சனி

வீட்டுக்கு வந்திருக்கிறேன். லயத்து வீட்டு வரிசையில் நுழையும்போதே அம்மா பக்கத்து வீட்டைப் பார்த்து, "எங்க டாக்டரு வந்திருச்சு" என்றாள். டாக்டர் ஃபெயிலானது அம்மாவுக்குத் தெரியாது. சொல்லவும் இல்லை. எட்டுப் பல் கொடுக்க வேண்டும், அதில் தப்பினால் படிப்பு போச்சு என்பதை மட்டும் சொன்னேன்.

இதுவரை செதுக்கியதை மேசையில் வரிசையாக வைத்துக் காட்டினேன். அப்பா தூரத்தில் இருந்தே பார்த்துவிட்டு, "கடிக்குமா?" என்றார். அம்மாதான் ஒவ்வொன்றையும் எடுத்துக் கேட்டாள். "இது எங்க இருக்கும்?" என் கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன். "இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" பாடம் கேட்கிற பிள்ளை மாதிரி இருந்தாள். நாத்து மேடையில் உரம் போட்டுவிட்டு வந்த களைப்பு, அப்படியும் விடவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

ராத்திரி எங்களுக்குச் சோறும் கருவாட்டுக் குழம்பும். அம்மா ரொட்டியைக் கோப்பியில் ஊறவைத்துச் சாப்பிட்டாள். "பசிக்கல" என்றாள்.

1.9.85, ஞாயிறு

ஆறு முடிந்தது. பாக்கி இரண்டு. கட்டை மூன்று இருக்கிறது.

6.9.85, வெள்ளி

எட்டும் முடிந்தது! முதல் கடைவாய்ப் பல்லை மறுபடி செதுக்கினேன். இந்த எட்டில் அதுதான் ராஜா. டாக்டர் வாகீஸ்வரி நடந்து போகிற போக்கில் நின்று பார்த்தார். "இதைப் போல மிச்சமும் இருந்தால் பயமில்லை." முகத்தில் சிரிப்பு வந்ததா என்று தெரியவில்லை. வந்ததாகவே வைத்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்து மாதா கோயில் திருநாள். வீட்டுக்குப் போகிறேன். எட்டையும் மைலோ டின்னில் ஈரப் பஞ்சுக்குள் வைத்து எடுத்துப் போகிறேன். "இங்கயே வெச்சிட்டுப் போயேன் லா. பஸ் வெயில்ல உருகிடும்" என்று கங்கா திட்டினாள். ஏன் எடுத்துப் போகிறேன்? காட்டத்தான். வேறென்ன.

8.9.85, ஞாயிறு

ஆத்திரம் எழுதினால்தான் அடங்கும்.

காலைப் பூசை முடிந்து வந்து டின்னைத் திறந்தேன். ஏழுதான் இருந்தது. பஞ்சைப் பிரித்தேன், பையைக் கொட்டினேன், கட்டிலுக்கு அடியில் படுத்துத் தேடினேன். கடைவாய்ப் பல்தான் இல்லை. அந்த ஒன்றுதான். அடுப்படியில் இருந்து அம்மா, திரும்பாமலே, "மாதா பாதத்துல வெச்சிட்டேன்" என்றாள்.

ஓடினேன். செருப்பு கூடப் போடவில்லை. சுரூபத்தின் காலடியில், மல்லிகைச் சரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. சுற்றிலும் மெழுகுவத்தி, திருநாள் கூட்டம் கொளுத்தி வைத்தது. ஒரு பக்கம் அப்படியே சரிந்திருந்தது. இரண்டு முகடு இல்லை. எடுக்கக் கை நீட்டினேன். பின்னாலேயே வந்த அப்பா, "மாதாவுக்கு வெச்சத எடுக்கக்கூடாது புள்ள" என்றார். எடுத்து என்ன செய்ய? விட்டுவிட்டு வந்தேன்.

ஏன் இப்படிச் செய்தாள்? வேளாங்கண்ணிக்குப் போய் வந்தவர்கள் சொன்னார்களாம், அங்கே மெழுகில் கை, கால் எல்லாம் செய்து காணிக்கை வைப்பார்களாம்.

"எட்டு இருக்கே, ஒண்ணுதானேன்னு நெனச்சேன்."

"எட்டும் வேணும்னு சொன்னேனாம்மா இல்லயா? எதுக்கு வெச்ச?"

"வேண்டுதல்."

"நான் பாஸ் பண்ணணும்னா?"

குழம்புச் சட்டியையே பார்த்துக்கொண்டு, "ஆமா" என்றாள்.

நான் சொன்னேன்: "நீ வேண்டுனதாலதான் நான் ஃபெயிலாகப் போறேன். போதுமா? சந்தோஷமா?" திருநாள் அன்றைக்கு, பெற்றவளிடம், அந்த வார்த்தை. அவள் சட்டியைக் கிளறிக்கொண்டே இருந்தாள். அது இன்னும் ஆத்திரமாக வந்தது.

பையில் ஒரே ஒரு கட்டை இருந்தது. மத்தியானம் உட்கார்ந்து செதுக்கினேன். அம்மா வாசல்படியில் நின்று நின்று பார்த்துவிட்டுப் போனாள். நிமிரவே இல்லை நான். சாயங்கால பஸ்ஸுக்கு முகடு மட்டும்தான் வந்திருந்தது. சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினேன். மீதியை இனி ஹாஸ்டலில் விடிவதற்குள் முடிக்க வேண்டும்.

9.9.85, திங்கள்

முதலில் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பத்து மணிக்கு எட்டையும் மேசையில் வைத்தேன். டாக்டர் வாகீஸ்வரி ஒன்று, இரண்டு என்று பார்த்துக்கொண்டே வந்தார். ஆறாவதில் நின்றார். "வெள்ளிக்கிழமை நான் பார்த்தது இது இல்லையே. என்ன நடந்தது?"

பொய் சொல்ல யோசித்தேன். உருகிவிட்டது என்றால் போதும், அது பொய்கூட இல்லை. ஆனால் வாயில் வந்தது உண்மைதான். "அம்மா எடுத்து மாதாவுக்கு வெச்சிட்டாங்க, டாக்டர்." சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நேர்த்திக்கடனோ?"

"ஆமா டாக்டர். நான் பாஸ் பண்ணணும்னு."

பல்லைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பாஸ் பண்ணவெண்டால் பேனையை வைச்சிருப்பா, புத்தகத்தை வைச்சிருப்பா. எங்கட கோயிலிலையும் கண் நோவெண்டால் வெள்ளியில கண் செய்து வைக்கிறவை. கால் நோவெண்டால் கால். உம்மட அம்மாவுக்குப் பல்லு நோவோ?"

"இல்லை" என்றேன். பிறகு, "தெரியாது" என்றேன்.

தெரியாது! பல் படிக்கிறவள். சொந்த அம்மாவின் வாய் தெரியாது. பசிக்காதாம், ரொட்டியை ஊறவைத்துத் தின்பாளாம், நானும் கருவாட்டை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேட்டாளே. பாடமா கேட்டாள்? அறிவு கெட்டவளே.

நூற்றுக்கு ஐம்பத்து மூன்று. பாஸ். "அவசரத்தில செய்தது தெரியுது. ஆனால் சரியான பல்லு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். வருஷம் தப்பியது. ஸ்காலர்ஷிப் தப்பியது. கங்கா என்னை இழுத்துக்கொண்டு போய் ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தாள். இரண்டு வாய்தான் உள்ளே போனது. "பாஸ் பண்ணிட்டு யாராச்சும் அழுவாங்களா?" என்று மீதியை அவளே சாப்பிட்டாள்.

11.9.85, புதன்

வீட்டில் போன் இல்லை. கடிதம் போட்டாலும் சனிக்கிழமை நான் போன பிறகுதான் போய்ச் சேரும்.

14.9.85, சனி

முதல் பஸ். வீட்டுக்குள் நுழைந்ததும், "பாஸ்" என்றேன். அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். அன்றைக்குப் பேசினதற்கு மன்னிப்புக் கேட்டேன். "போ, போ, சாப்புடு" என்றாள். பிறகு கேட்டேன், எந்தப் பல் என்று. ஒரு பல்லும் இல்லை, யார் சொன்னது, உனக்கு வேறு வேலை இல்லையா என்றாள்.

அப்பா செய்தித்தாளை மடித்தார். "மூணு மாசமாச்சு. ராவுல தலகாணியக் கடிச்சிக்கிட்டுப் படுக்குறா. கிளினிக்குப் போவலாம்னா வரமாட்டேங்குறா. ஒங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வேற."

"ஏம்மா? எங்கிட்டதானே மொதல்ல சொல்லணும்?"

அம்மா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "நீ செய்யுறியே, அது மாதிரி இருக்காது எம் வாயி. எம் மவளே பாத்து மூஞ்சச் சுளிச்சா நான் எங்க போறது?"

நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டேன். அம்மா உப்புத் தண்ணீரில் மூன்று தடவை வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அப்பா டார்ச் பிடித்தார்.

மேல் வலது முதல் கடைவாய்ப் பல் பாதிதான் இருக்கிறது. உள்ளே கறுப்பாகக் குழி. ஈறு வீங்கிச் சீழ் கட்டியிருக்கிறது. அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. கீழே இரண்டு பக்கமும், மேலே இடப்பக்கமும் கடைவாய் காலி, அங்கங்கே மற்றதும். தோட்டத்து மருந்தகத்து டிரெசர் பிடுங்கியதாம். "ஒங்க அண்ணன் டெஸ்மண்ட் வயித்துல இருக்கறப்ப ஒண்ணு போச்சு. நீ இருக்கறப்ப ரெண்டு. மத்தது அப்பறம் ஒண்ணொண்ணா" என்றாள், கணக்கு ஒப்பிக்கிற மாதிரி. நாற்பத்தாறு வயதுதான் ஆகிறது அவளுக்கு. முகத்தைச் சுளிக்கவில்லை நான். சுளித்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை கோல சிலாங்கூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். வகுப்புக்கு வர முடியாது என்று நேற்றே டாக்டர் வாகீஸ்வரியிடம் சொல்லியாகிவிட்டது. அம்மாவும் சரி என்றுவிட்டாள், நான் உள்ளேயே கூட நிற்க வேண்டுமாம்.

மறுபடி ஒரு தடவை மேலும் கீழும் எண்ணினேன். அம்மா வாயைத் துடைத்துக்கொண்டு, "எத்தன இருக்கு?" என்று கேட்டாள்.

"பதினேழும்மா."

"அவ்வளவு இருக்கா" என்றாள்.