பிஸ்கட் டின்னில் போன ஆராய்ச்சி

நவம்பர் 9, ஞாயிறு

விடாத மழை. கடைக்குச் சர்க்கரை வந்தது, மண்ணெண்ணெய் வரவில்லை. லாரித் தார்ப்பாயில் கிழிசல். தைக்கக் கொடுக்க வேண்டும்.

மத்தியான பஸ்ஸில் பாக்கியம் வந்தாள். தங்கையைக் கண்டதும் என் வீட்டுக்காரி பொன்னம்மாவுக்குக் கால் தரையில் இல்லை. கோழி அடித்தாயிற்று.

ஆராய்ச்சியை டைப் அடித்து முடித்துவிட்டாள். எஸ்டேட் தமிழ்ப் பள்ளிகளுக்கு அரசாங்கம் என்ன செய்தது, எதைச் செய்யாமல் விட்டது. மலாக்காவில் டீச்சர் வேலையும் பார்த்துக்கொண்டு இத்தனை வருஷம். வெள்ளிக்கிழமைக்குள் சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். தவறினால் இன்னொரு வருஷம். அதற்கு லீவு கிடையாது. புதுக் கல்விச் சட்டமும் வந்துவிடும்.

"சட்டம் வந்த பெறகு குடுத்தா யாரு மாமா படிப்பாங்க?"

நியாயம். சந்தை கலைந்தபின் சரக்கு இறக்கி என்ன பயன்.

நான் படித்தது எஸ்டேட்டில், பெரட்டுக் கொட்டகையில், நாலாவது வரை. வாத்தியார் தனியாக இல்லை. காலையில் அங்கே ஆள் கணக்கு எடுக்கிற கிராணியே பிறகு பலகையைத் தூக்கி வைத்துக்கொண்டு வாத்தியார். பாதி நாள் தூங்குவார்.

நவம்பர் 10, திங்கள்

மழை விட்டது. பக்கத்து எஸ்டேட் கிராணி மத்தி டின் வாங்க வந்தார். வாய் சும்மா இருக்காது.

"முப்பது வயசாச்சு, இன்னும் பரீட்சையா? மாப்பிள்ள பாக்கலையா லா?"

பாக்கியம் மிளகாய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"பாத்தோம் அண்ணே. உங்க பள்ளிக்கூடத்து ரிஜிஸ்டர் மாதிரி இருந்தாரு. பேரு இருக்கு, ஆளக் காணோம்."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரிக்க வேண்டியதாயிற்று.

அவள் சொன்னது பொய் இல்லை. முதலில் முறையாகத் துரைக்குக் கடிதம் போட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடம் பார்க்கப் போனாள். போன இடமெல்லாம் பிள்ளைகள் நிறைந்திருந்தன, எண்ணெய் தடவிய தலை, வெள்ளைச் சட்டை. சந்தேகப்பட்டு என்னிடம் வந்தாள். எஸ்டேட்டுக்கு என் அரிசி லாரி வருவதை யாரும் துரைக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை. முன் ஸீட்டில் உட்கார வைத்து அழைத்துப் போனேன். ரிஜிஸ்டர் நிறையப் பெயர், பெஞ்சில் பாதிகூட இல்லை. பெரிய பெண் பிள்ளைகள் லயத்து வீடுகளில் கைக்குழந்தை பார்க்கின்றன. பையன்கள் புல் வெட்டப் போய்விட்டார்கள்.

மூட்டையின் வாயைப் பார்த்து நான் அரிசி வாங்கியதில்லை. அடியில் குத்தி எடுத்துப் பார்ப்பேன். இவள் என்னையும் மிஞ்சியவள். ஒரே பள்ளிக்கு மூன்று முறை போவாள், எழுதியதை அடித்துத் திருத்துவாள். துரை டீ கொடுத்தால் குடிப்பாள். அதற்காக ஒரு வரி குறையாது.

நவம்பர் 12, புதன்

மறுபடி மழை. என் கையை வெட்ட வேண்டும்.

காலையில் பாக்கியத்தைத் தம்பின் ஸ்டேஷனில் ரயில் ஏற்ற ஏற்பாடு. தாள் நனையாமலிருக்கப் பெரிய பிஸ்கட் டின்னில் வைத்து, மூடி ஓரம் மெழுகு ஊற்றி, கவுண்டர்மேல் வைத்தேன். அந்த நேரம் பால் டின் வாங்கக் கூட்டம். மூடிய டின் எதுவும் ஓட்டை போடாமல் கடையை விட்டுப் போகக் கூடாது, காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று அவசரகாலச் சட்டம். ஆணியும் சுத்தியலும் கையிலேயே. ஒவ்வொன்றாகக் குத்திக் கொடுத்துக்கொண்டு வந்தேன். எதிரே அடுத்த டின். அதையும் குத்தினேன்.

சத்தம் வேறு மாதிரி. அப்போதுதான் பார்த்தேன்.

பொன்னம்மா தலையில் கை வைத்துவிட்டாள். "உங்க கைய என்னன்னு சொல்றது."

பாக்கியம் மெழுகைச் சுரண்டி மூடியைத் திறந்தாள். முதல் பக்கத்திலிருந்து இரண்டாம் அத்தியாயம் வரை ஓட்டை. மலாக்காவுக்குப் போய் திரும்ப அடிக்கலாம் என்றேன். ஊரடங்கு, நாள் போதாது, எனக்கே தெரியும். அவள் ஒரு தாளைத் தூக்கி ஓட்டை வழியாகக் கடையைப் பார்த்தாள். பிறகு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து கடைசிப் பக்கத்தில் பேனாவால் ஏதோ எழுதினாள். படித்துச் சொல் என்றேன்.

"டின்னுக்குச் சட்டம் போட்டாங்க. நம்ம லூபோக் சீனா ஊர்க் கடையில கடைசி டின் வரைக்கும் ஓட்டை விழுது, இதுலயும் விழுந்திருச்சு. எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கும் ரொம்ப நாளா சட்டம் இருக்கு. அத யாரு வந்து பாத்தா? இதான் மாமா. ஆறு மாசமா முடிவுல என்னமோ கொறையுதுன்னு தெரிஞ்சும் பிடிபடாம கெடந்தேன்."

என்னைத் தேற்றச் சொல்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நல்ல விலைக்குச் சரக்கு கிடைத்தவன் முகம்.

சோதனைச் சாவடியில் கொட்டுகிற மழை. முன்னால் நின்ற லாரியில் எல்லாவற்றையும் இறக்கிப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மலாய்ப் போலீஸ்காரர் எங்கள் லாரிக்குள் கை நீட்டி டின்னைத் தட்டினார், ஓட்டையில் விரல் வைத்தார். "சுடா அடா லூபாங். ஜாலான்." ஓட்டைதான் இருக்கிறதே, போ என்று. ஒரு தாள் நனையவில்லை.

ரயில் ஏற்றிவிட்டேன். மண்ணெண்ணெய் இன்னும் வரவில்லை.

பிப்ரவரி 4, புதன்

வெயில். பாக்கியம் டாக்டர். சிங்கப்பூரிலிருந்து நேரே இங்கேதான் வந்தாள்.

வாய்மொழித் தேர்வில் வெள்ளைக்காரப் பேராசிரியர் ஓட்டையில் சுண்டுவிரலை வைத்து, "இது என்ன?" என்றாராம். கடைசிப் பக்கம் பாருங்கள் என்றாளாம். படித்தாராம். பிறகு கேட்டதெல்லாம் லாரியைப் பற்றித்தானாம்.

புதுச் சட்டம் வந்துவிட்டது. எஸ்டேட் பிள்ளைகளுக்கு அதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "தேடிக்கிட்டிருக்கேன்" என்றாள். பிறகு லாரி எப்போது கிளம்புகிறது என்று கேட்டாள்.

சாயங்காலம் கிராணி வந்தார், வாய் நிறையச் சிரிப்பு. "டாக்டரம்மா நம்ம பள்ளிக்கூடத்துக்கு வந்தா ஒரு வார்த்த முன்னாடியே சொல்லுங்க லா. மாலை வாங்கி வைக்கணும்."

"ஆகட்டும் கிராணி" என்றேன்.

நாளைக் காலை லாரி அவர் எஸ்டேட்டுக்குத்தான். முன் ஸீட்டைத் துடைத்து வைத்தேன். அவருக்குச் சொல்லவில்லை.