கரைக்கு வராத எஞ்சின்

டைக் வீதி,
திருகோணமலை.
18.07.2007

அன்பு மகள் வதனிக்கு,

கோணேசர் இன்னும் மலையை விட்டு இறங்கி ஓடவில்லை, ஆகவே நானும் உன் சின்னம்மாவும் இருந்த இடத்திலேயே இருக்கிறோம், அதைச் சுகம் என்றே எழுதுகிறேன். நீயும் மருமகனும் சின்னவளும் அந்த ஓயாத பேர்கன் மழைக்குள் சளி பிடிக்காமல் இருக்க வேண்டுமென்று விடியவிடிய அவரைத்தான் கரைச்சல்படுத்துகிறேன். இந்தக் கடிதத்தை வழியில் பிரித்து வாசிக்கிற பெரியவர்களுக்கும் என் வணக்கம். எல்லாருக்கும் முன்கூட்டியே ஒரு சத்தியம் செய்து தருகிறேன். நான் எழுதப்போகிற கதையை நம்புவதற்கு இந்தப் பூமியில் ஒரு சீவனும் இன்னும் பிறக்கவில்லை. நீ நம்பமாட்டாய், மருமகன் நம்பமாட்டார், நோர்வே அரசாங்கம் ஒரு குழு போட்டு விசாரித்தாலும் நம்பாது. தாய் தகப்பன் போன பிறகு உன்னைத் தூக்கி வளர்த்த சித்தப்பன் ஒரு புளுகன் என்பது உனக்குப் புதினமில்லை, என்றாலும் கடைசி வரி வரைக்கும் வாசி.

ஊர்ப் புதினம் சொல்ல வெளிக்கிட்டால் சத்தமில்லாத புதினம்தான். லவுட்ஸ்பீக்கர் கட்ட அனுமதி வேண்டும், அனுமதி கேட்கப் போனால் ஏன் கேட்கிறாய் என்று கேட்பார்கள், அதனால் கனகா சவுண்ட் சேர்விஸ் என்ற என் சாம்ராச்சியம் பின் அறையில் குப்புறக் கிடக்கிறது. ஊதுகுழல் ஸ்பீக்கர் ஒன்றுக்குள் பூனை குட்டி போட்டிருக்கிறது. கலியாணங்கள் எல்லாம் செத்த வீடு மாதிரி நடக்கின்றன. ஸெய்னுதீனை உனக்குத் தெரியும்தானே, மூதூரில் கொம்பியூட்டர் கடை வைத்திருந்தவர், போன வருசம் சண்டையில் சனம் எல்லாம் உடுபுடவையைத் தூக்கிக்கொண்டு ஓட, அவர் கொம்பியூட்டரைத் தலையில் வைத்துக் கந்தளாய் வரைக்கும் நடந்தவர். இப்போது எங்கள் முன் அறையில்தான் அவரும் அதுவும் இருக்கிறார்கள். வாடகை வேண்டாம், பேச்சுத்துணை போதும் என்று சொல்லி வைத்திருக்கிறேன், ஏனென்றால் உன் சின்னம்மா பேசுகிறாளில்லை. மாசியில் கடற்படையிடம் பாஸ் எடுத்துக் கடலுக்குப் போன எங்கள் பிள்ளை தயா திரும்பி வரவில்லை என்று டெலிபோனில் உனக்குச் சொன்னேனே, அதற்கு மேலே சொல்ல இன்றைக்கும் என்னிடம் ஒன்றுமில்லை. வள்ளமும் வரவில்லை. ஆஸ்பத்திரியில், முகாமில், செஞ்சிலுவைக்காரரிடத்தில் எல்லா இடத்திலும் பெயரை வடிவாக எழுதி எடுத்தார்கள். உன் சின்னம்மா தங்கம் அழுதிருந்தால் எனக்குப் பயமில்லை. அவள் குசினிக்குள் கதிரையைப் போட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள், சமைக்கிறாள், கூட்டுகிறாள், ஆனால் கேத்திலை மட்டும் தொடுகிறாளில்லை. அது ஏன் என்று உனக்கு விளங்கும். நீ இங்கே இருந்த காலத்திலிருந்தே, தயாவின் எஞ்சின் சத்தம் கோணேசர் இருக்கிற சுவாமிமலைப் பக்கம் கேட்டவுடன் அவள் கேத்திலை அடுப்பில் ஏற்றுவாள், அவன் வள்ளத்தை இழுத்து வைத்துவிட்டு ஈரக்காலோடு பின்வாசலில் வந்து நிற்க, இஞ்சி போட்ட தேத்தண்ணி அவனுடைய தகரப் பேணியில் இருக்கும். இந்தக் கரையில் எத்தனை எஞ்சின் ஓடினாலும் யாருடையது எதுவென்று பெண்சாதிமாருக்கும் தாய்மாருக்கும் காது சொல்லும். இப்போது தேத்தண்ணி நான் போடுகிறேன், அதை நாய்கூட மணந்து பார்த்துவிட்டுப் போகிறது.

வீட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லாதது தாங்காமல்தான் உன் பெட்டியை வெளியில் எடுத்தேன். சமாதான காலத்தில் லீவில் வந்தபோது, பழசு, இங்கே இருக்கட்டும் என்று விட்டுப் போனாயே, அந்தச் சத்தம் செய்கிற மெசின், திருகு குமிழ்கள் வைத்த நீலப் பெட்டி. நீ அன்றைக்குக் கொம்பியூட்டரில் அதைப் பூட்டிக் காட்டியபோது தயா பார்த்துவிட்டு, அப்பாட வாய்க்குப் போட்டியா ஒண்டு வந்திருக்கு என்று பகிடி விட்டானே. சண்டை திரும்பத் தொடங்கியதும் வயர் வைத்த எந்தச் சாமானும் வீட்டிலிருந்தால் வில்லங்கம் என்று உன் சின்னம்மாவின் கூறைச்சேலைக்குள் சுற்றி அலுமாரியின் அடியில் போட்டிருந்தேன். ஸெய்னுதீனும் நானும் அதைக் கொம்பியூட்டரோடு பூட்டி, நீ சொல்லித் தந்ததை நினைவுபடுத்தித் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களை வைத்தோம். ஒரு கட்டம் சத்தத்தைப் பிறப்பிக்கும், ஒரு கட்டம் அதை அரிதட்டு மாதிரி அரிக்கும், ஒன்று அதைத் திறந்து மூடும், எல்லாவற்றையும் இல்லாத வயரால் தொடுக்க வேண்டும், கையால் பிடிக்கவே ஏலாத வயர். முதல் நாள் நான் ஒரு வயரைப் பிழையான துளையில் செருகிவிட்டேன், மகள், அப்போது கிளம்பிய ஊளையில் கோட்டை மான்கள் அத்தனையும் பின்னங்காலில் எழும்பி நின்றன. காகங்கள் குச்சவெளிக்கு இடம்பெயர்ந்தன. துறைமுகத்துக்குள் நின்ற கோதுமை மாக் கப்பல் ஒன்று தன்னை யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் பதிலுக்கு ஊதிவிட்டு, சாமான் இறக்காமலே போய்விட்டது. இரண்டாம் நாள் தவளைச் சத்தம் பிடித்தேன். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி மணி, ஸெய்னுதீனின் மாமியாருடைய குறட்டை. சத்தங்களின் சக்கரவர்த்தி கனகசுந்தரம் என்று ஸெய்னுதீன் எனக்குப் பட்டம் தந்தார், நானே கேட்டு வாங்கினேன்.

பிறகுதான் அது நடந்தது. கீழ்ச் சத்தம் ஒன்றை வைத்து, அதை ஆட்டுவதற்கு ஆமை வேகத்தில் ஓடுகிற இன்னொரு கட்டத்திலிருந்து வயர் இழுத்தேன். டுப் டுப் டுப் என்று அது துடிக்கத் தொடங்கியது. எஞ்சின், சுத்தமான எஞ்சின். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் உன் சித்தப்பனுக்கு மண்டைக்கனம் அல்லவா. இரைச்சலை அரித்துக் கொஞ்சம் தண்ணிச் சத்தம் போட்டேன். தயாவின் எஞ்சின் நொண்டுமே, ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஒரு அடியை விழுங்குமே, எத்தனை மெக்கானிக்கைக் கூப்பிட்டும் திருந்தாத அந்த நொண்டல், அதையும் ஒரு கட்டத்தில் ஒரு புள்ளியை வெறுமையாக விட்டுச் செய்துவிட்டேன். நல்ல காலை வெயில், யன்னல் திறந்து கிடக்கிறது, பெரிய ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஸெய்னுதீனின் முதுகில் தட்டி, கேட்டுப்பாரும் காணும், இது யாருடைய எஞ்சின் என்று பெருமை அடிக்கிறேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குசினிப் பக்கம் திரும்பினார். அங்கே கேத்தில் கொதிக்கிற சத்தம். போய்ப் பார்த்தால் கதிரை வெறுமை, பின்கதவு திறந்து கிடக்கிறது.

சாரத்தை மடித்துக்கொண்டு ஒழுங்கையால் ஓடினேன். கரையில் முள்ளுக்கம்பிக்கு இந்தப் பக்கம் சென்ட்ரிக்கு நின்ற சிப்பாய்க்கு முன்னால் நிற்கிறாள், கையில் தயாவின் பேணி, ஆவி பறக்கிறது. அந்தச் சிப்பாய்க்குத் தமிழ் தெரியாது, இவளுக்குச் சிங்களம் தெரியாது, ஆனால் அவளைத் தடுக்கவும் இல்லை, அம்மே, போட் இல்ல, போட் இல்ல என்று தெரிந்த இரண்டு சொல்லை வைத்துக் கெஞ்சிக்கொண்டு நின்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது, மெசினை நிற்பாட்டாமல் வந்துவிட்டேன். எஞ்சின் கடல் பக்கத்திலிருந்து கேட்கவில்லை, எங்களுடைய முதுகுப் பக்கம், வீட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறது. அவன் திரும்பி ஒழுங்கையைப் பார்த்தான். நான் நிலத்தைப் பார்த்தேன். தங்கம் ஒருவரையும் பார்க்கவில்லை, திரும்பி நடந்தாள், பேணியில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. வழியில்தான் சொன்னாள், இத்தனை மாதத்துக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் கதை. "உங்கட மெசின் எண்டு வீட்டை விட்டு வெளிக்கிடேக்குள்ளயே எனக்குத் தெரியும். நீங்கள் விழுங்க விட்ட இடம் பிழை, அதுக்கு அடுத்த அடியிலதான் அவன்ட எஞ்சின் விழுங்கும்."

வீட்டுக்கு வந்து பேணியை மெசினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு என்னை இருத்தித் திருத்த வைத்தாள். அடி திருந்தியது. மலையைச் சுற்றும்போது காற்றுக்குச் சத்தம் மெலியும் என்றாள், மெலிய வைத்தோம். மீன் பட்ட நாளில் பாரத்துக்குக் கொஞ்சம் கனத்து ஓடும் என்றாள், கனக்க வைத்தோம். நானும் பக்கத்தில் இருந்து கேட்டவன்தான், இவ்வளவு என் காதில் விழவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் நான் மெசினைப் போட, அவள் கேத்திலை ஏற்றி, அது ஓடும் வரைக்கும் கதைத்துக்கொண்டிருந்தாள். அவன் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கினது, நீயும் அவனும் கோயில் குளத்தில் விழுந்தது, எல்லாம். நானும் சந்தோசப்பட்டேன் மகள், பொய் சொல்லவில்லை. போன கிழமைதான் அவள் கேட்டாள். "அவன் எஞ்சினை நிப்பாட்டிப்போட்டுத்தான் கரைக்கு வாறவன். நீங்கள் நிப்பாட்டாமல் ஓட்டிக்கொண்டிருந்தா பிள்ளை எப்பிடி இறங்குவான்?"

நான் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினேன். பட்டென்று நின்றது. அப்படி நடுக்கடலில்தான் நிற்கும் என்று சொல்லிவிட்டு அன்றைக்கு முழுக்க அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை. மெல்லக் குறைந்து, தணிந்து, பிறகு ஒன்றுமில்லாமல் வர வேண்டும் அவளுக்கு. எனக்கு அது தெரியாது, வதனியைத்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். தெரியாதென்பது பச்சைப் பொய். இரண்டு குமிழை மெல்லத் திருப்பினால் சரி, ஸெய்னுதீன் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார், அவருடைய வாயை நான்தான் பொத்தி வைத்திருக்கிறேன். அந்த மனுசன் எனக்குப் பக்கத்தில் வந்திருந்து, செத்தவருடைய மையித்து இல்லாமலே தொழுகிற ஒரு தொழுகை எங்களுக்கு இருக்கு கனகர், உங்களுக்கு இல்லையா என்று மெல்லக் கேட்டார். எங்களுக்கு லவுட்ஸ்பீக்கர் மட்டும்தான் இருக்கிறது என்று பகிடி விட்டேன்.

ஆகையால் மகள், கடிதம் கிடைத்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ டெலிபோன் எடுக்கும்போது சின்னம்மா கட்டாயம் இதைக் கேட்பாள். பழைய மெசின், அப்படி நிற்பாட்ட அதால் ஏலாது என்று சொல்லிவிடு. அவளுக்காகத்தான் கேட்கிறேன் என்று எழுதினேன், எழுதியதை வெட்டிவிட்டேன். அவள் கரையில் நிற்கத் தயார். அந்தச் சத்தம் நின்று, பின்வாசலில் ஒருவரும் வந்து நிற்காத அந்த நேரத்தை அவள் பேணியோடு நின்று பார்த்துவிடுவாள். எனக்குத்தான் பயம். மெசின் ஓடும் மட்டும் அவன் வந்துகொண்டிருக்கிறான். அதை என் கையால் திருப்பி அணைக்கச் சொன்னால் நான் என்ன செய்வேன்? அப்படி உன்னால் அவளுக்குப் பொய் சொல்ல முடியாவிட்டால், எந்தக் குமிழை முதலில் திருப்புவது, எவ்வளவு மெல்ல என்று எனக்கு எழுது. எனக்குத் தெரியும், என்றாலும் நீ எழுது. உன் எழுத்தைப் பார்த்துக்கொண்டு செய்தால் செய்து முடித்துவிடுவேன் என்று நினைக்கிறேன்.

சின்னவளின் தலைக்கு எண்ணெய் வை, தமிழில் திட்டியாவது தமிழைப் பழக்கு. நனைந்த சப்பாத்தோடு வேலைக்குப் போகாதே. மருமகனுக்கு என் அன்பு. நீங்கள் மூவரும் எந்தக் குறையுமில்லாமல், போன இடத்திலிருந்து வீட்டுக்கு வந்து சேருகிற பிள்ளைகளாக நீடு வாழ வேண்டும். டெலிபோன் ஞாயிறு, மறந்துவிடாதே.

இனி நான் தந்த சத்தியம். மான் எழும்பி நின்றது பொய். காகங்கள் பொய். ஸெய்னுதீனின் மாமியார் குறட்டை விடுகிறவ அல்ல, கப்பலும் இன்னும் அங்கேதான் நிற்கிறது. மற்றதையும் உன் விருப்பப்படி நம்பாமல் விடு, எனக்கும் அது நல்லது. ஆனால் ஒரு சின்னத் துண்டு மட்டும் உண்மை. அன்றைக்கு அவள் எழும்பிப் போய்க் கேத்திலை ஏற்றினாள்.

அது உன் மெசின் என்று தெரிந்துகொண்டே ஏற்றினாள்.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள சித்தப்பா,
க. கனகசுந்தரம்