உச்சி வெயில் பாடம்

பிப்ரவரி 6

பாப்பாவின் அம்மாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். என் போனை எடுக்கமாட்டேன் என்று நீ சொல்லிவிட்டதால் நான் பேனாவை எடுத்திருக்கிறேன். தனியாக வந்த நாள்முதல் ஓட்டல் சாப்பாடு. வயிறு சதா மக்கர் பண்ணுகிறது. கேட்பாரில்லை. அதை விடு.

ஒரு சங்கடத்தில் மாட்டிக்கொண்டேன். வீட்டைவிட்டுக் கிளம்பியபோது, நீ எடுத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருந்த படங்களும் என் சாமான்களோடு வந்துவிட்டன. சுவர் வெறிச்சென்று இருக்கிறதே என்று மாட்டினேன். மாடி வீட்டு டீச்சர் பார்த்து அசந்துபோய், "சார், இதெல்லாம் நீங்க எடுத்ததா?" என்றார். நான் சிரித்து வைத்தேன். அங்கேதான் வினை. பொழுதுபோக்குக்குப் படம் எடுக்கிறவர்களின் சங்கம் ஒன்று இங்கே இருக்கிறது. டீச்சர்தான் தலைவி. புதிதாகச் சேர்ந்தவர்களை வெளியே அழைத்துப்போய், ஃப்ளாஷ் இல்லாமல் சூரிய வெளிச்சத்தில் எப்படிப் படம் எடுப்பது என்று நான் சொல்லித்தர வேண்டுமாம். அடுத்த மாதம் கண்காட்சி வேறு. அதில் சுவரிலிருக்கும் படங்களை வைக்கப் போகிறார்கள், என் பெயரில்.

கேமராவில் கண்ணை எந்தப் பக்கம் வைப்பது என்றுகூட எனக்குத் தெரியாது. நாலு வரி எழுதிப் போடு. என் மானம் உன் கையில்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா

பிப்ரவரி 11

பாப்பாவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பாப்பா சௌக்கியம். முன்பல் விழுந்துவிட்டது, பேசினால் பாதி காற்றுதான் வருகிறது. ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் எனக்கு எப்போதும்போல் வேலை. நாளெல்லாம் இருட்டில் ஊரார் எலும்பைப் பார்க்கிறேன்.

படங்களைக் காணோமே என்று வீட்டையே புரட்டிப் போட்டுவிட்டேன். உங்களிடம் பத்திரமாக இருக்கின்றன என்பதில் நிம்மதி. உங்கள் தங்கை வீட்டில் அத்தனை பேர் முன்னால், "இவ படம் எடுத்தா மனுஷனெல்லாம் பிசாசு மாதிரி இருப்பான்" என்று சொல்லிச் சிரித்தீர்களே, அதே படங்கள்தானே? என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் கேமராவை உங்கள் முதலாளி மகனுக்குத் தூக்கிக் கொடுத்தீர்கள். போகட்டும், பழைய கதை.

பாடத்துக்கு வருவோம். நீங்கள் வேலை பார்க்கும் டைல்ஸ் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லா டியூப்லைட்டையும் போட்டால்தானே கல் பளபளக்கும்? சூரியனும் அப்படித்தான். உச்சி வெயில்தான் உத்தமம், அதற்கு முன்னும் பின்னும் போகாதீர்கள். மர நிழல், தாழ்வாரம், வாசற்படி பக்கமெல்லாம் யாரையும் ஒதுங்க விடாதீர்கள். வெட்டவெளியில் நிறுத்துங்கள். தொப்பி வேண்டாம், குடை வேண்டாம். முகத்தை நேராக வைத்து, கண்ணை அகலத் திறந்து வைத்திருக்கச் சொல்லுங்கள். யாராவது முனகினால், கலை என்றால் சும்மாவா என்று கேளுங்கள்.

நன்றாக நடக்கும்.

பாப்பாவின் அம்மா

பிப்ரவரி 16

பாப்பாவின் அம்மாவுக்கு,

உனக்குத் தங்கமான மனசு. நீ இன்னும் கோபமாக இருப்பாய் என்று பயந்துகொண்டேதான் உறையைப் பிரித்தேன்.

வெளிச்சம் என்றால் இவ்வளவுதானா? இதற்கா நீ விடிந்தும் விடியாமலும் ஒரு தரம், பொழுது சாயும்போது ஒரு தரம், அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடினாய்? மதியம் சாவகாசமாக எடுத்திருக்கலாமே. ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்யப் போகிறேன். பாப்பாவுக்கு முத்தம்.

பாப்பாவின் அப்பா

மார்ச் 2

பாப்பாவின் அம்மாவுக்கு,

மானம் கப்பலேறிவிட்டது. நடு மைதானத்தில் பன்னிரண்டு மணிக்கு எல்லோரையும் நிறுத்தினேன். படத்தைப் பார்த்தால் கண் இருக்க வேண்டிய இடத்தில் ஆளாளுக்கு இரண்டு கருங்குழி. மூக்கு நிழல் உதட்டின்மேல் விழுந்து பெண்களுக்கெல்லாம் மீசை. கண்ணை அகலத் திறக்கச் சொன்னதில் கண்ணீர் கொட்டி, சங்கமே ஒப்பாரி வைத்ததுபோல் ஆகிவிட்டது. தையல் கடை அம்மா ஒருவர் மயங்கி உட்கார்ந்துவிட்டார். சோடா வாங்கிக் கொடுத்தோம்.

நான் என்ன செய்வேன்? "என் வீட்டுக்காரி ஒரு வழி சொன்னா, சும்மா சோதிச்சுப் பார்த்தேன். அவளுக்கு வெளிச்சத்தைப் பத்தி என்ன தெரியும், பாவம்" என்று சொல்லித் தப்பித்தேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்போது இங்கே யார் படம் சொதப்பினாலும் 'சார் வீட்டம்மா முறை' என்று பெயர். நீ மனசில் வைத்துக்கொள்ளாதே. உன்னை இங்கே யாருக்குத் தெரியும்?

நல்லவேளை, கண்காட்சிக்குப் பங்கமில்லை. பதினைந்தாம் தேதி திறப்பு. பாப்பா நடை பழகும் படத்தைத்தான் நடுவில் மாட்டுகிறார்கள். அதை நான் எப்படி எடுத்தேன் என்று மேடையில் விளக்க வேண்டுமாம். தரையில் பாப்பாவின் கால்வரை நீளமாக ஒரு நிழல் விழுந்திருக்கிறதே, அது என்ன என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஏதோ மரம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சரிதானே? உடனே எழுது.

பாப்பாவின் அப்பா

மார்ச் 14

பாப்பாவின் அப்பாவுக்கு,

உடனே எழுதவில்லை. வேண்டுமென்றேதான். நாளைக் காலை பஸ் ஏறும்போது இதைத் தபாலில் போடுவேன். உங்கள் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

உச்சி வெயிலில் முகத்தைக் காட்டினால் குழியும் மீசையும்தான் விழும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே சொன்னேன். நீங்கள் அசடு வழிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆனால் நல்ல படமெல்லாம் உங்கள் பெயரில், கெட்ட படமெல்லாம் என் பெயரில் என்று பாகம் பிரிப்பீர்கள் என்று நினைக்கவில்லை. அந்தக் கடிதத்தைப் படித்த அன்று எக்ஸ்ரே தட்டைத் தலைகீழாக மாட்டினேன். யாரோ ஒருவரின் விலா எலும்பை இரண்டு தடவை எடுக்கவேண்டி வந்தது.

நிழலைப் பற்றிக் கேட்டீர்கள். அன்று பாப்பா முதல் தடவையாக எதையும் பிடிக்காமல் நடந்தாள். நீங்கள் கடையில் இருந்தீர்கள். பொழுது சாய்ந்து, வெயிலில் சூடு போய் நிறம் மட்டும் மிச்சமிருந்தது. அந்த நேரத்து வெளிச்சம் குழந்தைக்குக் கண் கூசாது, கன்னம் கன்னமாகவே இருக்கும். அவள் என்னிடம் தத்தித் தத்தி வந்ததைப் பிடிக்கும் அவசரத்தில், சூரியன் என் முதுகுக்குப் பின்னால் இருப்பதை மறந்து நின்றுவிட்டேன். கற்றுக்கொள்கிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு அது. எடுக்கிறவரின் நிழலே படத்துக்குள் விழுந்துவிடும். அது மரமில்லை, நான். கிளைகள் என்று நினைத்தீர்களே, கேமராவைத் தூக்கிப் பிடித்த என் முழங்கைகள். பக்கத்தில் பறப்பது என் முந்தானை.

டீச்சருக்கு எழுதினேன். அன்று எடுத்த மற்ற படங்களையும் அனுப்பினேன். மயங்கி உட்கார்ந்த அம்மாவிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டேன். மறு தபாலில் பதில் வந்தது, வரச் சொல்லி. பாப்பாவை அழைத்து வரவில்லை. அவளுக்கு நீங்கள் அப்பா, அது அப்படியே இருக்கட்டும்.

எல்லாப் படங்களுக்குக் கீழும் என் பெயரை எழுதி, மேலே ஒரு காகிதம் ஒட்டி வைத்திருக்கிறார்களாம். உங்களை மேடையேற்றுவதற்கு முன்பே அதைக் கிழித்துவிடலாமா என்று டீச்சர் கேட்டிருந்தார். வேண்டாம், அவர் மரம் என்று சொல்லி முடிக்கட்டும் என்று பதில் எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
படம் எடுத்தவள்